கியர் போடும் கை

நோயில் கிடப்பவனைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஓர் ஆறுதலையும் கொண்டு வருவார்கள். எனக்குப் பக்கவாதம் வந்தபோது வந்தவர்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் ஒரே ஆறுதலைத்தான் கொண்டு வந்தார்கள். "நல்ல வேளைப்பா, சோத்தாங்கை தப்பிச்சிருச்சு. போனது பீச்சாங்கைதான?" கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் இதற்குத் தலையை வேறு ஆட்டுவார்கள். சாமி என் உடம்பைப் புரட்டிப் பார்த்து, வேண்டாத கையாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டது போலப் பேசுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவர்களில் ஒருவராவது, இந்த ஆள் எந்தக் கையால் பிழைக்கிறான் என்று யோசித்திருக்கலாம். நான் ஜீப் டிரைவர். வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். கியர் போடுவது இடது கை. கம்பமெட்டு மலையில் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் விழவில்லை என்றால், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் பள்ளத்தில்தான் போய்க் கிடக்க வேண்டும். என் சோறே பீச்சாங்கையில்தான் இருந்தது. இதைச் சொன்னால், "நோக்காட்டுல கெடந்தாலும் வாய் மட்டும் கொறையுதா பாரு" என்றார்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். இதே நோயில் விழுந்த யாருக்காவது உதவினால் நல்லது. ஆறுதல் சொல்லக் கிளம்புகிறவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

எனக்கு ஊர் அனுமந்தன்பட்டி. பெயர் செல்லப்பாண்டி. விடிந்ததும் கம்பம் ஸ்டாண்டில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலையேறி, கேரளத்துத் தோட்டங்களில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவேன். எங்கள் ஜீப்புகளில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். டிரைவர் சீட்டிலேயே எனக்கு வலப்பக்கம் ஒருத்தி ஒட்டிக்கொண்டிருப்பாள். இடப்பக்கம் இருப்பவளுடைய முழங்காலை இடித்துக்கொண்டுதான் கியர் ராடை இழுக்க வேண்டும். அந்த இடம் பேச்சியக்காவுக்கு. வேலைக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகும் கங்காணி அவள்தான். அவள் எந்த ஜீப்பில் ஏறுகிறாளோ அதில்தான் மற்றப் பெண்களும் ஏறுவார்கள்.

2004ஆம் வருடம், மாசி மாதம். சாயங்காலம் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனேன். கொண்டுபோனதாகத்தான் நினைத்தேன். கை என் தொடை மேலேயே கிடந்தது. மறுபடியும் போ என்றேன், போகவில்லை.

பேச்சியக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏலே பாண்டி, வாய் ஏன்டா ஒரு பக்கமா இழுக்குது? குடிச்சிருக்கியா?"

வண்டி எடுக்கிற நாளில் ஒரு சொட்டு தொட்டவன் இல்லை நான். அந்த நிலையிலும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "எவன் குடிச்சது?" என்று கத்தினேன். வெளியே வந்தது வெறும் கொழகொழச் சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் பயந்தேன். வலது காலால் பிரேக்கை மிதித்து, வலது கையால் ஸ்டியரிங்கை ஒடித்து, வண்டியை மலைப்பக்கத்து வாய்க்காலில் இறக்கினேன். ஜீப் பாறையில் உரசி, உறுமி, நின்றது. பெண்கள் குய்யோ முறையோ என்று குதித்தார்கள். யாருக்கும் பெரிய அடி இல்லை. இறங்கி வந்து பார்க்கலாம் என்று காலை வைத்தேன். இடது கால் மடிந்து ரோட்டில் விழுந்தேன்.

கம்பத்தில் ஒரு ஊசி போட்டுத் தேனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். வலி ஒன்றும் இல்லை. ஆடாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, என் மனைவி ஈஸ்வரிக்குக் காட்டினார். வலது பக்க மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துவிட்டது. தண்ணீர் போகாத வயல் போல அந்த இடம் காய்ந்துவிட்டது. மூளையின் வலது பக்கம்தான் உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது. பிரஷர் ரொம்ப நாளாக ஏறிக் கிடந்திருக்கிறது, பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று திட்டினார். கடைசியில் அவரும் அதையேதான் சொன்னார். "வலது கை நல்லாயிருக்கு. அதை நெனச்சுச் சந்தோஷப்படுங்க."

படுத்திருந்தபடியே ஈஸ்வரியிடம் சொன்னேன், "இந்தாளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுபோல."

"வாய மூடிக்கிட்டுப் படுங்க. பேச்சு வந்ததே பெருசுன்னு இருக்கேன்" என்றாள். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அழும்போது முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் அழுதது.

ஆஸ்பத்திரிப் பில்லைப் பார்த்து ஈஸ்வரி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் வீரணன், "நீ சும்மா இரு தாயி" என்று பில்லைப் பிடுங்கிக்கொண்டு போனார். அல்லிநகரத்தில் சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். ஆனால் அவர் அன்பிலிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம். ஒரு நாள் மஞ்சள் பைக்குள் எதையோ ஒளித்து எடுத்துவந்தார். பை குறுகுறு என்று சத்தம் போட்டது. புறா. வாதம் வந்த கைக்குப் புறா ரத்தத்தைத் தேய்த்தால் ஓடிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் போட்ட சத்தத்தில் பையைக் கீழே விட்டார். புறா வார்டு முழுக்கப் பறந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

பேச்சியக்காவும் வந்தாள். பழம் இல்லை, ஆறுதலும் இல்லை. வெறுங்கையோடு வந்து நின்று என் இடது கையையே பார்த்தாள்.

"இது கியர் போடுற கைல்ல?" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"எங்கள மலைப்பக்கமா சாச்சு நிப்பாட்டுனியே, அத ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாத. இனிமே ஒன் வண்டியில ஏறுவேனான்னு எனக்கே தெரியல. எல்லாருக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. நியாயத்தைச் சொல்கிறவளிடம் என்ன கோபம்? ஆனால் அவள் போன பிறகு முடிவு செய்துவிட்டேன். ஏலக்காய் பறிப்பு ஆவணியில் தொடங்கும். அதற்குள் இந்தக் கை கியர் போட வேண்டும். இல்லையென்றால் நான் டிரைவர் இல்லை. யார் வீட்டுக் கட்டிலிலோ உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அல்லிநகரத்துக்கு, மச்சான் வீட்டுக்குத்தான் போனோம். அங்கிருந்து தேனிக்குப் பயிற்சிக்குப் போவது சுலபம். பிசியோதெரபி என்பார்கள், மருந்து கிடையாது, உடம்பை அசைக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் வைத்தியம். கால் சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. நடக்காமல் இருக்க முடியாதே, அதனால் வந்தது. கைதான் வரவில்லை. வர வேண்டிய அவசியம் அதற்கு என்ன இருந்தது? நம் ஊரில் சாப்பிடுவது, குடிப்பது, கொடுப்பது, வாங்குவது, கும்பிடுவது, திருநீறு பூசுவது எல்லாமே வலது கை. இடது கைக்கு என்று நாம் விட்டுவைத்திருப்பது ஒரே ஒரு வேலை. அதையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். இடது கை துண்டு மாதிரித் தோளில் தொங்கியது.

பயிற்சி கொடுத்த பெண் ஸ்டெல்லா, நாகர்கோவில்காரி. ஒரு நாள் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வீட்டுல இந்தக் கைய என்ன வேலைக்கு எடுக்கிறீங்கண்ணே?"

"பீச்சாங்கைக்கு என்னம்மா வேலை இருக்கு?"

"அப்புறம் எப்படி வரும்? சரி, குரங்கு பாத்திருக்கீங்களா?"

"என்னயவே சொல்றியா?"

அவள் சிரித்துவிட்டுச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். குரங்கின் கையும் நம் கையும் பங்காளிகள். அதனால் கை வேலையை மூளை எப்படிப் பழகுகிறது என்பதைக் குரங்குகளிடம்தான் நிறையப் பார்த்திருக்கிறார்கள். சின்னக் குழிக்குள் கிடக்கும் கடலையை விரலால் எடுக்க ஒரு குரங்கு பழகும்போது, அதன் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, கையை ஆட்டுகிற செல்கள் எப்போது துடிக்கின்றன என்று பார்ப்பார்களாம். செல் துடிப்பது என்றால் ஒரு சின்ன மின்சாரச் சொடுக்கு. ஆரம்பத்தில் ஒவ்வொரு செல்லும் தன் இஷ்டத்துக்குத் துடிக்கும், கை தடுமாறும். பழகப் பழக, ஒன்றுக்கொன்று நேரம் பார்த்துத் துடிக்கும். எடுக்க வேண்டிய நொடியில் பல செல்கள் சேர்ந்து துடித்தால், கை நேராகப் போய்க் கடலையை எடுத்துவிடும்.

எனக்கு உடனே புரிந்தது. ஜீப் சேற்றில் மாட்டினால் பெண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். ஆளுக்கு ஒரு நேரம் தள்ளினால் வண்டி அசையாது. ஒருத்தி குரல் கொடுத்து, எல்லாரும் ஒரே மூச்சில் தள்ளினால் ஏறிவிடும். அதே பெண்கள்தான், அதே பலம்தான்.

"அதேதான்ணே" என்றாள் ஸ்டெல்லா. "உங்களுக்குச் செத்துப்போன செல் செத்துப்போனதுதான். திரும்ப வராது. பக்கத்துல இருக்கிறது அந்த வேலையக் கத்துக்கிடலாம். ஆனா கூப்பிட்டாத்தான் வரும். ஒரு கை விழுந்துபோன குரங்கு, நல்ல கையிலயே எல்லாத்தையும் செஞ்சுக்கிடும். விழுந்த கைய மறந்துரும். நல்ல கையக் கட்டிப் போட்டு, விழுந்த கையில வேலை வாங்கினா, கொஞ்சம் கொஞ்சமா எடுக்க ஆரம்பிக்கும். எவ்வளவு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"கட்டு" என்றேன்.

ஈஸ்வரி தன் பழைய சேலையைக் கிழித்து, என் வலது கை மணிக்கட்டு வரை நுழைகிற பை ஒன்று தைத்தாள். எழுந்ததும் பையை மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றுவது. அதற்கப்புறம்தான் வேடிக்கை. நான் இடது கையில் சோறு பிசைந்தேன். பாதி வாய்க்கு வந்தது, பாதி வேட்டிக்குப் போனது. வீரணன் மச்சான் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

"மாப்ள, அந்தக் கையிலயா சோறு திங்கிறீக? பிள்ளைக பாக்குதுல்ல? நான் ஊட்டி விடுறேன், வாயத் தெறங்க."

"ஊட்டுனா கை எப்படிண்ணே வரும்?" என்றாள் ஈஸ்வரி.

"வந்து என்ன செய்யப் போகுது? சோத்தாங்கை நல்லாத்தான இருக்கு?"

டீக்கடையில் இடது கையால் காசை நீட்டினேன். கல்லாவில் இருந்தவர், "அங்கன வச்சுட்டுப் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோயிலில் இடது கையை நீட்டினேன். பூசாரி திருநீற்றுத் தட்டை அப்படியே அடுத்த ஆளுக்குக் கொண்டுபோனார். நோயாளி என்று தெரிந்தும் அப்படித்தான். வெட்கமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பையைக் கழற்றவில்லை. மரியாதையா கையா என்று கேட்டால், எனக்குக் கைதான் வேண்டும்.

ஆனியில் சொந்த வீட்டுக்கு, அனுமந்தன்பட்டிக்குத் திரும்பினோம். வந்த கொஞ்ச நாளில் மச்சான் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். குமுளிப் பக்கத்து மலையாளி, சசிதரன் என்று பெயர். ஜீப்பை வாங்க வந்திருக்கிறார். எனக்குத் தெரியாமலேயே மச்சான் பேச்சை முடித்துவிட்டார்.

"மாப்ள, நிப்பாட்டி வச்சா துருப்புடிச்சுப் போகும். என் கடையில வந்து கணக்குப் பாருங்க. ஒங்கள நான் ராசா மாதிரி வச்சுக்கிறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சசிதரன் வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். "நல்ல வண்டி. நல்ல நேரம் கழியறதுக்கு முன்ன சாவி வாங்கிக்கலாம்."

"சாவியக் குடுங்க மாப்ள" என்றார் மச்சான்.

சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. வலது கையில் பை இருந்தது. கழற்ற ஒரு நிமிடம் ஆகாது. நான் கழற்றவில்லை. இடது கையைத் தூக்கினேன். தோள் வந்தது, முழங்கை வந்தது, விரல் வரவில்லை. சாவி தரையில் விழுந்தது. மச்சான் குனியப் போனார். "தொடாதீக" என்றேன். உட்கார்ந்தேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சாவிக்கு இரண்டு பக்கமும் கொண்டுபோனேன். வழுக்கியது. மறுபடியும் கொண்டுபோனேன். மெல்லிய பொருளைக் கிள்ளி எடுப்பது அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை. எத்தனை தடவை தவறியது என்று தெரியாது, வேர்த்துக் கொட்டியது. திடீரென்று சாவி விரலுக்கு நடுவில் இருந்தது. எழுந்து போய், இடது கையால் அதைச் சசிதரன் முன்னால் நீட்டினேன்.

அவர் சுட்டுக்கொண்டவர் போலப் பின்னால் போனார்.

"ஐயோ, எடது கையிலயோ? வேண்டா, வேண்டா! வண்டி சாவி எடது கையில வாங்கினா வெளங்குமோ? மற்ற கையில தா."

"எனக்குக் கியர் போடுற கை இதுதான். வாங்குனா இதுல வாங்குங்க" என்றேன்.

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சசிதரன் போய்விட்டார். மச்சான் நின்று கத்தினார். "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு? வந்த மனுசன அவமானப்படுத்தி அனுப்பிட்டீகளே! மலையில ஏறி அத்தன பொம்பளைகளயும் கொல்லப் போறீகளா?"

"கை வராம ஏற மாட்டேன் மச்சான். வந்துச்சுன்னா எறங்க மாட்டேன்."

வேண்டுமென்றே செய்தீர்களா என்று ஈஸ்வரி கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சாவியை வாங்கிப் பார்த்தாள். "கிள்ளி எடுத்துட்டீகளே" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பைத்தியம் போலச் சிரித்தோம்.

அன்றிலிருந்து நின்ற ஜீப்பில் உட்கார்ந்து கியர் போட்டேன். எஞ்சின் ஓடாது, கிளட்சை மிதி, ராடைத் தள்ளு, விடு. ஈஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். காலும் கையும் சேராது. கால் முந்தும், கை பிந்தும். பிறகு ஊர்க் களத்தில் எஞ்சினைப் போட்டு ஓட்டினேன். பல்சக்கரம் கரகரவென்று கத்தும். ஒரு நாள் கீரை ஆய்ந்தபடியே அவள் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். பிரஷர் மாத்திரையை நான் விழுங்காமல் விட்டதற்குச் சண்டை. பதிலுக்கு நானும் கத்திக்கொண்டே வண்டியை வளைத்தேன்.

"அய்யய்ய, நிப்பாட்டுங்க!" என்றாள்.

"என்னடி?"

"இப்ப மூணாவதுலருந்து ரெண்டாவதுக்குப் போட்டீக. சத்தமே வரல."

நான் கையைப் பார்த்தேன். அது ராடின் மேல் சாதாரணமாக இருந்தது. அதை நான் கூப்பிடவே இல்லை, அதுவே போயிருக்கிறது. ஸ்டெல்லா சொன்ன செல் கூட்டம் ஒரே மூச்சில் தள்ளியிருக்கிறது.

டாக்டர் சோதித்துப் பார்த்து, மாத்திரையை விட்டால் மறுபடியும் வரும் என்று எச்சரித்து, வண்டி ஓட்டலாம் என்றார். மலையில் முதலில் ஆள் ஏற்றவில்லை. மச்சான் கடைச் சிமெண்டு மூட்டைகளை ஏற்றினேன். ஏறவும் இறங்கவுமாகக் கொஞ்ச நாள் அப்படித்தான். மூட்டை மேல் மச்சானே உட்கார்ந்து வந்தார், வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டு. கடைசி நாள் திறந்திருந்தது.

ஆவணி பிறந்தது. விடியற்காலை கம்பம் ஸ்டாண்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பேச்சியக்காவும் அவள் ஆட்களும் வேறு ஒரு ஜீப்புக்காக நின்றிருந்தார்கள். மாசியில் என்னோடு வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். யாரையும் கூப்பிடவில்லை நான். என்னவென்று கூப்பிடுவது? அவர்கள் உயிர் அவர்களுடையது. பேச்சியக்கா மட்டும் தூக்குவாளியோடு வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"கையக் குடு" என்றாள்.

வலது கையை நீட்டினேன்.

"அது எதுக்குலே எனக்கு? கியர் போடுற கையக் குடு."

குனிந்து இடது கையை நீட்டினேன். தன் வலது கையை அதற்குள் வைத்தாள். வைத்தியம் பார்த்தவர்களை விட்டால், மாசியிலிருந்து என் இடது கையில் தன் கையை வைத்த முதல் வெளியாள் அவள்.

"அமுக்கு."

அமுக்கினேன்.

"இன்னும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன்.

"ஆத்தாடி, விடுறா!" என்று கையை உதறினாள். உதறிவிட்டு, முன்பக்கம் சுற்றி வந்து ஏறி, கியர் ராடுக்குப் பக்கத்தில் முழங்காலை ஒதுக்கி உட்கார்ந்தாள். பிறகு வெளியே தலையை நீட்டி மற்றப் பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? நேரமாகுது, ஏறுங்கடி!"